நீண்ட மணி

எங்கள் பள்ளியில் மணி என்பது புங்கமரக் கிளையில் சங்கிலியால் கட்டித் தொங்கவிடப்பட்ட ஒரு தண்டவாளத் துண்டு. பாடவேளை முடிந்தால் ஓர் அடி. இடைவேளைக்கு இரண்டு, மதிய உணவுக்கு மூன்று. மாலையில் பள்ளி விடும்போது மட்டும் நீண்ட மணி. காவலாளி தன் கை ஓயும்வரை அடிப்பார்; அவர் நிறுத்துவதற்குள் நாங்கள் நெடுஞ்சாலையைத் தொட்டிருப்போம். வேளைகெட்ட வேளையில் நீண்ட மணி அடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். இதை எங்களுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காலமான செய்தி வந்த அன்று, நாங்களாகவே கற்றுக்கொண்டோம்.

1984ஆம் ஆண்டு அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாங்கள் ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. மதிய உணவு மணி அடித்து, சத்துணவுக் கூடத்தின் முன்னால் தட்டோடு வரிசையில் நின்றிருந்தோம். (அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பத்து வயதைத் தாண்டிய மாணவர்களுக்கும் சத்துணவு என்று அரசு திட்டத்தை விரிவாக்கியிருந்தது. அதுவரை தம்பி தங்கைகள் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லும் கதைகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.) சாம்பார் வாளி எங்களை வந்தடைவதற்குள் நீண்ட மணி அடித்தது.

எங்களில் ஒருவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினான். "எம்.ஜி.ஆர். செத்துட்டாருடா" என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாதத் தொடக்கத்தில் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சர் எழுந்து வருவாரா என்பதைத் தவிர வேறு பேச்சே ஊரில் இல்லை. மாரியம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிட்டார்கள். பள்ளியில் காலை வழிபாட்டின்போது அவருக்காக ஒரு நிமிடம் கண்மூடி நின்றோம். பிரதமர் இந்திரா காந்தி தில்லியிலிருந்து நேரில் வந்து அவரைப் பார்த்துச் சென்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருந்தோம். மூன்று வாரங்களாக நாங்கள் ஒரு மரணச் செய்திக்குத் தயாராகிக்கொண்டே இருந்தோம். வந்தது வேறொருவரின் மரணம்.

மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பாரதப் பிரதமரை அவருடைய வீட்டிலேயே சுட்டுவிட்டார்கள் என்றும், மருத்துவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அவர் பிழைத்து எழ எல்லாரும் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்றும் தலைமையாசிரியர் சொன்னார். அவருடைய குரல் உடைந்தது. எப்போதும் பிரம்போடு மட்டுமே பார்த்திருந்த மனிதர் மூக்கைத் துடைத்துக்கொண்டதைக் கண்டு எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்களை மூடிக்கொண்டோம். மூடிய கண்களுக்குள் நாங்கள் உணர்ந்தது என்ன என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகாவது எழுதிவிடலாம். எம்.ஜி.ஆர். சாகவில்லை என்ற நிம்மதி. அழுத பையன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தே விட்டான். அடுத்த நொடியில் இன்னோர் எண்ணம் வரிசை முழுக்க ஓடியது. யார் உதட்டை முதலில் அசைத்தார்களோ தெரியாது. லீவு.

பள்ளி விட்டார்கள். ஆசிரியர் ஒருவர் வாயிற்கதவருகே நின்று, "டேய், யாரும் ரோட்டுல நிக்காம நேரா வூட்டுக்குப் போங்கடா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். நாங்கள் ஏரிக்கரைக்குப் போனோம்.

நாங்கள் கண்மூடி நின்றது ஏறக்குறைய ஒரு மணிக்கு. அன்று காலை ஒன்பதே காலைத் தாண்டிய சில நிமிடங்களில், சப்தர்ஜங் சாலை இல்லத்திலிருந்து அடுத்திருந்த அக்பர் சாலை அலுவலகத்துக்குத் தோட்டப் பாதை வழியாக நடந்துபோனபோது, தம் காவலர்கள் இருவரால் அவர் சுடப்பட்டார். அலுவலகத்தில் பீட்டர் உஸ்தினோவ் என்ற நடிகர் தொலைக்காட்சிப் பேட்டிக்காகக் காத்திருந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள். அவர் இறந்ததாக மருத்துவர்கள் அறிவித்தது பிற்பகல் 2.20க்கு, வானொலி அதை நாட்டுக்குச் சொல்ல மாலையாகிவிட்டது. இவையெல்லாம் பின்னாளில் படித்தவை. அன்று எங்களுக்குக் கிடைத்தவை பேருந்து நிலையத்து டீக்கடை வானொலியும் அதைச் சுற்றி நின்ற கூட்டத்தின் முதுகுகளும்தான். வானொலியில் வீணை ஒலித்துக்கொண்டேயிருந்தது. எங்கள் வரலாற்று ஆசிரியர் சைக்கிளை நிறுத்திவிட்டு, பி.பி.சி. எப்போதோ சொல்லிவிட்டது என்றார். அவரிடம் சிற்றலை டிரான்சிஸ்டர் இருந்தது ஊரறிந்த செய்தி.

"சுட்டது யாராம்?"

"கூட இருந்த காவல்காரனுங்களே."

"எந்த ஊர்க்காரனாம்?"

"சிங்கு."

அந்தச் சொல் டீக்கடையிலிருந்து எங்களை வந்தடைந்த விதம் நன்றாக நினைவிருக்கிறது. ஏனெனில் அந்தச் சொல் எங்களுடையது. எங்கள் பள்ளி இருந்தது ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில், சேலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில். காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் சாலை அது. (இப்போது அந்தப் பகுதிக்கு எண் 44. ஸ்ரீநகரில் தொடங்கி, பஞ்சாபின் ஊடாகவும் தில்லியின் ஊடாகவும் வந்து எங்கள் பள்ளிச் சுவரை உரசிக்கொண்டு போகிறது.) சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிகளில் தலைப்பாகை கட்டிய ஓட்டுநர்கள் வருவார்கள். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து அவர்களை எண்ணுவது எங்கள் விளையாட்டு. பச்சைத் தலைப்பாகைக்கு ஒரு மதிப்பெண், சிவப்புக்கு இரண்டு, காவிக்கு ஐந்து. கையசைத்தால் ஒலிப்பானை அழுத்திவிட்டுப் போவார்கள். எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: சிங்கு. சீக்கியர் என்ற சொல் சமூக அறிவியல் நூலில் இருந்தது. குருநானக் படத்தின் கீழே. அந்தப் படத்துக்கும் இந்த லாரிகளுக்கும் தொடர்பு உண்டு என்று நாங்கள் நினைத்திருப்போமா என்பதே ஐயம்தான்.

பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லாரிப் பட்டறை இருந்தது. ஓலைக் கொட்டகை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண், டயர்களால் கட்டிய தடுப்பு. தீபாவளிக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ, கியர்பாக்ஸ் உடைந்து ஒரு பஞ்சாப் லாரி அங்கே வந்து நின்றது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. கிளீனராக ஒரு பையன், எங்கள் பள்ளிப் பத்தாம் வகுப்பு அண்ணன்களின் வயது. தலைமுடியை உச்சியில் முடிந்து சிறு துணியால் கட்டியிருப்பான். கயிற்றுக்கட்டிலைச் சாலையோரம் போட்டு உட்கார்ந்து கோதுமை மாவு பிசைவார்கள். இடைவேளையில் நாங்கள் போய் வேடிக்கை பார்ப்போம். அந்தப் பையன் எங்களுக்குப் பஞ்சாபியில் பத்துவரை எண்ணக் கற்றுத்தந்தான். நாங்கள் அவனுக்குத் தமிழில் இரண்டு கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்து, அவன் அவற்றை மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது ஓடி ஒளிந்தோம். பஞ்சாபியில் ஐந்துவரை இப்போதும் எங்களுக்கு நினைவிருக்கிறது.

பள்ளி திறக்கவில்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. ஊரில் பெரியவர்கள் பலர் கட்சி வேறுபாடில்லாமல் மொட்டை போட்டுக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் குறைந்துபோயின. வந்தவற்றில் தலைப்பாகை ஒன்றுகூட இல்லை. எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் போனது எங்களுக்கு விந்தையாக இருந்ததே ஒழிய, அவர்கள் எங்கே போனார்கள் என்று எங்களில் எவரும் கேட்கவில்லை.

நவம்பர் 3, சனிக்கிழமை. தில்லியில் யமுனைக் கரையில் உடல் எரியூட்டப்பட்ட நாள். அன்று எங்கள் ஊரிலும் மௌன ஊர்வலம். ஓவிய ஆசிரியர் நாள்காட்டிப் படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டுப் பெரிதாக வரைந்த இந்திராவின் முகத்தைத் தள்ளுவண்டியில் வைத்து, சாமந்தி மாலை போட்டு இழுத்து வந்தார்கள். அந்த வெள்ளைக் கற்றை முடி மட்டும் நன்றாக வந்திருந்தது. மூக்கு சரியாக அமையவில்லை. மாணவர்கள் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு முன்னால் நடந்தோம். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பேசவில்லை. அவ்வளவு நீண்ட நேரம் நாங்கள் பேசாமல் இருந்தது அதற்கு முன்பும் பின்பும் இல்லை. வழியில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்று அழுதார்கள். தம் வீட்டுச் சாவுக்கு அழுவது போன்ற அழுகை அது. அதில் எந்தப் பொய்யும் இல்லை. எங்கள் தொண்டையிலும் அப்போது ஏதோ அடைத்தது. புதன்கிழமை வராத துக்கம் சனிக்கிழமை வந்தது.

பேருந்து நிலையத்தில் கூட்டம் பேசிக் கலைந்தது. பேசியவர்களில் எவரும் சீக்கியர்களைக் குறித்துத் தவறாக ஒரு சொல் சொன்னதாக நினைவில்லை. எங்களுக்கு யாரும் எதையும் தூண்டவில்லை என்பதைத் தெளிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏழெட்டுப் பேர் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பி நடந்தோம். பட்டறை வந்தது. கட்டில் வெளியே இல்லை. லாரி கொட்டகையை ஒட்டி, மூக்கு உள்பக்கமாக இருக்கும்படித் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பின்தலையும் தலைப்பாகையும் தெரிந்தன. எங்களில் ஒருவன் "சிங்கு" என்று கத்தினான். கையசைக்கும்போது கத்துவோமே, அதே சொல்தான். அவர் திரும்பவில்லை. இன்னொருவன் கத்தினான். பிறகு எல்லாரும் கத்தினோம். பிறகு ஒரு கல் போயிற்று. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது.

ஓடினோம்.

யார் எறிந்தது என்று கேட்டால் 'நாங்கள்' என்றுதான் சொல்ல முடிகிறது. இந்தக் கட்டுரை முழுவதையும் அந்தச் சொல்லில் எழுத நேர்ந்ததற்கும் அதுவே காரணம். எட்டுப் பேரில் ஒருவருடைய கை அது. அந்தக் கைக்குரியவர் இன்றும் எங்கள் நடுவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பள்ளி திறந்தபோது லாரி அங்கே இல்லை.

முதல் நாள் வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். பிறகு வகுப்பில் வரலாற்று ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இந்திரா காந்தியைப் பற்றிப் பேசினார். 1969இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கியது, 1971 போர், வங்கதேசம், இருபது அம்சத் திட்டம். நெருக்கடிநிலையைப் பற்றியும் சொன்னார். அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறோம். அந்த ஜூன் மாதம் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இராணுவம் நுழைந்ததையும், அந்தச் சினமே இந்தக் கொலைக்குக் காரணம் என்பதையும் பலகையில் வரைபடம் வரைந்து விளக்கினார். நல்ல ஆசிரியர். நாங்கள் பின்னாளில் எதையாவது தேடிப் படித்தோம் என்றால் அந்தப் பாடவேளைகளே காரணம். அவர் முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், வடக்க சிங்குங்களை உயிரோட எரிச்சாங்களாமே?" என்று கேட்டான். அவனுடைய அண்ணன் லாரியில் போய் வருபவர்.

ஆசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. துடைப்பானை எடுத்துப் பலகையை அழித்தார். "கலவரம்னா அப்படித்தான்" என்றார். பிறகு மணி அடித்தது.

அந்த ஒரு சொல் எங்களுக்கு நெடுநாள் போதுமானதாக இருந்தது. கலவரம் என்றால் இரண்டு பக்கம் அடித்துக்கொள்வார்கள், இரண்டு பக்கமும் சாவார்கள், காலம் சரியாகிவிடும். நவம்பர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆரைத் தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மீண்டும் அவருக்காக வேண்டத் தொடங்கியது. டிசம்பர் 24 தேர்தல். இறந்த இந்திராவையும் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரையும் முன்வைத்து ஒரே கூட்டணி வாக்குக் கேட்டது, வென்றது. எங்கள் ஊர்க் கொட்டகையில் படம் தொடங்குமுன் காட்டப்படும் செய்திப் படத்தில் இறுதி ஊர்வலத்தைப் பார்த்தோம். பீரங்கி வண்டியில் உடல். பக்கவாட்டில் மகன். மக்கள் தலைகள் முடிவில்லாமல் போயின. அரங்கில் பெண்கள் மறுபடி அழுதார்கள். அந்தத் தலைகளுக்கு அப்பால், அதே நகரத்தில், அதே மூன்று நாள்களில் நடந்தது எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

அடுத்த ஆண்டிலிருந்து அக்டோபர் 31 நினைவு நாளாயிற்று. வலக்கையை நீட்டி உறுதிமொழி சொன்னோம். வன்முறையில் ஒருபோதும் இறங்க மாட்டோம், மத மொழி வேறுபாடுகளை அமைதி வழியில் தீர்ப்போம் என்பது அதன் கருத்து. நீட்டிய கைகளில் ஒன்று அந்தக் கை.

எங்களுக்குத் தெரிய வந்தது மெல்லத்தான். கல்லூரிக்குப் போனவர்கள் நூலகங்களில் படித்தார்கள். லாரித் தொழிலுக்குப் போனவர்கள் வடக்கே போய்க் கேட்டு வந்தார்கள். படித்தவர்கள் சொன்னதைவிடக் கேட்டு வந்தவர்கள் சொன்னதே எங்களை உறங்கவிடாமல் செய்தது. நவம்பர் 1, 2, 3 ஆகிய மூன்று நாள்களில் தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அஹூஜா குழு 1987இல் தந்த அதிகாரபூர்வக் கணக்கு. ஏறத்தாழ எல்லாரும் சீக்கியர்கள். கழுத்தில் டயரை மாட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். வீடுகளை அடையாளம் காண வாக்காளர் பட்டியல்களைப் பயன்படுத்தினார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். வாக்காளர் பட்டியல்! எங்கள் ஆசிரியர்கள் விடுமுறை நாள்களில் வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து எழுதிக்கொண்டு வந்த பட்டியல் எங்களுக்குத் தெரியும். அதற்கு இப்படி ஒரு பயன் இருக்க முடியும் என்பதைப் படித்த இரவில் புத்தகத்தை மூட வேண்டியிருந்தது.

திரிலோக்புரி என்ற பெயரையும் அப்படித்தான் அறிந்தோம். நெருக்கடிநிலைக் காலத்தில் தில்லியின் குடிசைப் பகுதிகளை இடித்து அங்கிருந்தவர்களை யமுனைக்கு அப்பால் குடியேற்றிய இடங்களில் ஒன்று. அதன் 32ஆம் தொகுதியில் இருந்த ஏழைச் சீக்கியர்களின் ஆண்கள் தெருத்தெருவாகக் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 2ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்து வெளியுலகுக்குச் சொன்னவர்கள் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' செய்தியாளர்களான ராகுல் பேடியும் ஜோசப் மாலியேக்கனும். அதாவது, ஓவிய ஆசிரியர் கட்டம் போட்டுக்கொண்டிருந்த நாளில். அதே நவம்பர் 19 அன்று, தில்லிப் பொதுக்கூட்டத்தில் புதிய பிரதமர், பெரிய மரம் ஒன்று விழும்போது நிலம் சற்று அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். எங்கள் ஆசிரியர் பலகையை அழித்துக்கொண்டே சொன்னதும் ஏறத்தாழ அதைத்தானே! எட்டாத தொலைவில் இருந்த இருவர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே மாதத்தில் ஒரே விடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு நடந்தவை பத்திரிகை வாசிப்பவர்கள் அறிந்தவையே. விசாரணைக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. 2005இல் நானாவதி ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். 2007இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூல் அந்தப் படுகொலையைப் பாடமாக்கியது. பள்ளிக்கூடத்துக்குள் அது நுழைய 23 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. 2018 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அன்று எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் போட்டார். குழுவில் முப்பத்தோரு பேர். வழக்கமாகக் காலை வணக்கத்துக்கே இருபது பதில்கள் வரும். அன்று இரவுவரை ஒரு பதிலும் வரவில்லை. பத்து மணிக்கு மேல் ஒருவர், "அந்தப் பையனுக்கு இப்ப ஐம்பது வயசு இருக்கும்" என்று எழுதினார். எந்தப் பையன் என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குள் இதைப் பேசியது ஒரே ஒருமுறைதான். 2009இல் பள்ளியில் பழைய மாணவர் சந்திப்பு நடந்தது. மொட்டைமாடியில் வாழையிலைச் சாப்பாடு. வேடிக்கைக் கதைகள் தீர்ந்த பிறகு, ஒருவர் அந்தப் புதன்கிழமையைச் சொல்லி, "லீவுன்னதும் எவ்வளவு சந்தோஷம்" என்றார். சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது கல் நினைவு வந்துவிட்டது. அவன்தான் எறிந்தான் என்று ஒரு பெயரைச் சொன்னோம். அவன் 1996இல் சாலை விபத்தில் இறந்துபோனவன். மேசையைச் சுற்றி எல்லாரும் தலையசைத்தோம். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. ஆனால் ஊர்வலத்தன்று அவன் மஞ்சள் காமாலையில் அத்தை வீட்டில் இருந்தான் என்பது எங்களில் மூவருக்காவது தெரியும். அந்த மூவரும் தலையசைத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேர் பட்டறைப் பக்கம் நடந்தோம். நான்கு வழிச்சாலைக்காகப் பாதி இடம் போயிருந்தது. ஓலைக்குப் பதில் தகரம். மெக்கானிக் அண்ணன் வேலையை மகனிடம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களில் இருவரை அடையாளம் கண்டுகொண்டார். அந்த லாரியைப் பற்றிக் கேட்டோம். அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"கியர்பாக்ஸ் சாமான் சேலத்துல கிடைக்கல, தம்பி. பெங்களூர்லருந்து வரணும். அந்த நேரத்துல எங்க வரும்? ரோட்டுல வண்டியை மடக்கி எரிக்கிறாங்கன்னு டிரைவருங்க வந்து சொல்லிட்டே இருந்தாங்க. அந்தாளு ராவும் பகலும் தூங்கல. 'இது எங்க ஊரு, இங்க உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க'ன்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்ச ஏழெட்டு இந்தி வார்த்தையில சொன்னேன். அவரும் நம்பினாரு. அன்னிக்குச் சாயந்தரம் கல்லு வந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. ராத்திரி, விரலைக் கத்திரிக்கோல் மாதிரி வச்சுக் காட்டினாரு."

முடிதிருத்துபவரை இவர்தான் போய் அழைத்து வந்திருக்கிறார். அன்று காலைதான் ஊர்வலத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மொட்டை அடித்துவிட்டுக் கைவலியோடு படுத்திருந்தவர். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கொட்டகைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். தலைப்பாகையை அந்த மனிதரே அவிழ்த்தார். முடி இடுப்புவரை இருந்தது. (வெட்டாத முடி அவர்கள் சமயத்தின் ஐந்து அடையாளங்களுள் ஒன்று என்பதை ஏழாம் வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்து எழுதியிருக்க வேண்டும். கேள்வி வரவில்லை போலும்.) முடிதிருத்துபவருக்குக் கை வரவில்லையாம். இரண்டு முறை கத்திரியைக் கீழே வைத்திருக்கிறார். கிளீனர் பையன் எழுந்து சாலைக்கு அப்பால் போய் இருட்டில் நின்றுகொண்டானாம். அவனுடைய முறை வந்தபோது இவர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார்.

"தாடியும் எடுத்தாச்சு. யாரோ வேற ஆளு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. விழுந்த முடியைப் பெருக்க விடல. ரெண்டு பேரு முடியையும் அவரே கையால பொறுக்கி, அந்தத் தலைப்பாத் துணியில வச்சு முடிஞ்சு, வண்டிக்குள்ள சாமி படத்துக்குக் கீழ வச்சாரு. காசு குடுத்தாரு, நம்ம ஆளு வாங்கல. நாலாம் நாள் சாமான் வந்துச்சு. ராத்திரியே மாட்டிக் கிளப்பி விட்டேன். கண்ணாடிக்கு அட்டையை வச்சுக் கட்டினேன்."

ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒருவர் கேட்டார்.

"யாரு கண்டா? கடுதாசி போடுறேன்னாரு. எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, அவருக்கு நம்ம எழுத்துத் தெரியாது."

சாலையில் வண்டிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருவர், பட்டறைச் சுவரைப் பார்த்தபடி, "கல்லை விட்டது யாருன்னு தெரிஞ்சுதாண்ணா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பசங்க" என்றார் அவர். "கூட்டமா நின்னானுங்க. சட்டையில கறுப்புத் துணி குத்தியிருந்துச்சு. நான் வெளிய வர்றதுக்குள்ள ஓடிட்டானுங்க."

மகனைக் கூப்பிட்டு ஐந்து டீ சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றோம். அதற்குள் டீ வந்துவிட்டது. கிளம்பும்போது காசை எடுத்தோம். ஊருக்கு வந்த பிள்ளைகளிடம் வாங்குவதா என்று சொல்லி அவரே கொடுத்தார்.